சமத்துக்கு முதல் பரிசு

“எங் கண்ணுக்குத் தப்பி ஒரு கொழந்தைக்கு ஒரு குறை இருந்துருமுங்களா? பதினேழு வருசமாப் பாக்கறனுங்க. நடையப் பார்த்தாச் சொல்லுவேன், முழியப் பார்த்தாச் சொல்லுவேன், அழுகறதைக் கேட்டாவே சொல்லிப்போடுவேன். எங்க சென்டர்ல குறையுள்ள கொழந்தை சைபருங்க. போன வருசமும் சைபரு, வர்ற வருசமும் சைபரு.”

மேற்படி வீரவுரை 1995-ஆம் வருடம் ஆடி மாதம், கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், இருநூறு பால்வாடி டீச்சர்களின் முன்னிலையில் நிகழ்த்தப்பட்டது. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மண்டபம் காலியாக இருந்தது. காலி மண்டபம் கிடைத்ததால் சர்க்காருக்குப் பயிற்சி முகாம் ஞாபகம் வந்தது. வளர்ச்சி தாமதப்பட்ட சின்னக் குழந்தைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு டாக்டரம்மாள் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கிவிட்டு, “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, வேப்பங்காட்டுப்புதூர் பால்வாடியின் டீச்சர் மயிலாத்தாளுக்கு, வயது நாற்பத்தொன்று, எஸ்.எஸ்.எல்.சி., சந்தேகம் எதுவும் இல்லை. இல்லை என்பதைத் தெரிவிக்கவே எழுந்து நின்றார்.

முதலில் கைதட்டியவர் திட்ட ஆபீசர் சீனிவாசலு. இவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். மாதாமாதம் மேலே அனுப்பும் படிவத்தில் ஆறாவது கட்டம் ‘குறைபாடுள்ள குழந்தைகள்’ என்பது. அதில் ‘இல்லை’ என்று வந்தால் படிவம் அன்றே மேலே போகும். ‘ஒன்று’ என்று வந்துவிட்டாலோ அந்த ஒன்றுக்கு இணைப்பு அ, இணைப்பு ஆ, டாக்டர் சான்று, மூன்று நகல். ஆகவே தமக்குக் கீழே இருந்த எழுபது மையங்களிலும் குறையே இல்லாமல் அவர் பார்த்துக்கொண்டார். ஒரு மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. கட்டத்தை முறைத்துப் பார்த்தே எழுபது ஊர்க் குழந்தைகளைக் குணப்படுத்திய மகான் அவர்.

மயிலாத்தாள் அந்த மகானின் தலைசிறந்த சீடர். வருடத்துக்கு இரண்டு தடவை, ஆனியிலும் மார்கழியிலும், ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெயில் தாழக் கணக்கெடுப்புக்குக் கிளம்புவார். வாசலில் நின்று கேட்பார்:

“ஏனுங்க, கொழந்தைங்கெல்லாம் நல்லா இருக்குதுங்களா? ஒண்ணும் குறையில்லீங்களே?”

“ஒண்ணும் குறையில்லீங்க. உள்ள வாங்க டீச்சர், காப்பி வெக்கறேன்.”

இந்தப் பக்கத்தில் இப்படிக் கேட்டால் வேறு பதில் கிடையாது. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்று “சௌக்கியங்களா?” என்றாலும், “சௌக்கியமுங்க, வாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள். மரியாதையான கேள்வி, மரியாதையான பதில். குழந்தையைக் கூப்பிடுங்கள், நான் பார்க்க வேண்டும் என்று சொல்வது அந்த மரியாதையில் சேர்த்தி இல்லை. சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். குழந்தை புறக்கடையில் என்ன செய்துகொண்டிருந்தாலும் ரிஜிஸ்டரில் ‘நலம்’ என்று ஏறிவிடும். அறுபது வீட்டில் பத்தொன்பது வீட்டுக் காப்பியைக் குடித்து, மீதி வீட்டில் “இப்பத்தானுங்க குடிச்சேன்” என்று சமாளித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஒரு ஊரின் குழந்தைச் செல்வங்கள் அனைத்தையும் கணக்கெடுத்து முடித்துவிடுவார். டாக்டரம்மாள் படம் போட்டுக் காட்டியதில் இந்த முறை எங்குமே வரவில்லை.

பால்வாடிக் கட்டடம் காளிச்சாமி கொடுத்தது. நாற்பது ஏக்கர் தென்னந்தோப்புக்காரர், கூட்டுறவு சொசைட்டித் தலைவர், ஊரில் யார் வீட்டு நல்லது கெட்டதிலும் முதல் நாற்காலிக்குச் சொந்தக்காரர். கட்டடத்தின் நெற்றியில் ‘பால்வாடி’ என்று ஒரு சாண் எழுத்திலும் அவர் பெயர் ஒரு முழ எழுத்திலும் இருந்தன. அவர் குரலை உயர்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. எவனையாவது தோட்டத்தை விட்டுத் துரத்துவதாக இருந்தாலும் “நீங்க நாளையிலிருந்து வரவேண்டாமுங்களே” என்றுதான் சொல்வார். அந்த ‘ங்க’வுக்குப் பயந்தவர்கள் அரிவாளுக்குப் பயந்தவர்களைவிட அதிகம்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே பேரன் கவின். அவனும் மயிலாத்தாளின் பால்வாடிக்குத்தான் வந்தான்; அப்பாரு பெயர் எழுதிய கட்டடத்தில் பேரன் உட்காராவிட்டால் எப்படி?

அவனுக்கு இரண்டரை வயது நடந்தபோது, அதாவது வீரவுரைக்கு அடுத்த மாதமே, அவன் அம்மா கலாமணி ஒருநாள் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு வந்து வாசற்படியில் நின்றாள். வெள்ளகோவிலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண், வயது இருபத்திரண்டு. நின்றவள் உள்ளே வரவில்லை.

“டீச்சரக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். இவனைக் கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கறானுங்க.”

“காது கேக்கலியா?”

“கேக்குதுங்க. மோட்டார் போட்டா ஓடறான். பேரைச் சொல்லிக் கூப்புட்டாத்தான்... அம்மான்னு ஒரு சொல்லு இல்லீங்க. கையக் காட்டி எதையும் கேக்கறதில்ல. எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்கக்கா.”

மயிலாத்தாள் சிரித்தார். பதினேழு வருட சர்வீஸ் மொத்தமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. “அட போம்மணி! இவங்கப்பன் பாலகோபாலு அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்பப் பாரு, சொசைட்டி மீட்டிங்குல அவனை நிறுத்த முடியுதா? ஆம்பளைப் பையன் சித்த மெதுவாத்தான் வருவான். ஒரு குறை இருந்தா எங் கண்ணுக்குத் தப்புமா? போயி சோலியப் பாரு. இதைப் போயி மாமியா, மாமன்கிட்டச் சொல்லிட்டு நிக்காத.”

பாலகோபால் ஐந்து வயதில் பேசினானா, ஒன்றரை வயதில் பேசினானா என்பது மயிலாத்தாளுக்கு உண்மையில் தெரியாது. கொங்கு நாட்டில் பேசாத குழந்தை ஒவ்வொன்றுக்கும், ஐந்து வயதில் பேசிய அப்பன் ஒருவன் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுவான். அந்த அப்பன்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினால் பொள்ளாச்சி வரைக்கும் நிற்கும்.

கலாமணி போய்விட்டாள். சொன்னபடி யாரிடமும் சொல்லவும் இல்லை.

கவினைப் போல ஒரு குழந்தை எந்தப் பால்வாடிக்கும் கிடைத்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உட்கார வைத்த இடத்தில் உட்காருவான். பிடுங்க மாட்டான், தள்ள மாட்டான். இன்னொரு சத்துமாவு உருண்டை வேண்டும் என்று கை நீட்ட மாட்டான். பக்கத்துப் பிள்ளை கடித்தால் அழுவான். யார் கடித்தது என்று காட்ட மாட்டான். அதே பாயில் கனிஷ்கா என்று ஒரு பெண் இருந்தாள், மூன்று வயது. நாளைக்கு நூறு கேள்வி கேட்பாள். பல்லிக்கு ஏன் செருப்பு இல்லை, டீச்சருக்கு ஏன் மீசை இருக்கிறது என்ற தரத்தில். அவளுக்கு மயிலாத்தாள் வைத்த பெயர் ‘அடங்காப்பிடாரி’. கவினுக்கு வைத்த பெயர் ‘சமத்து’. 1996 சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு, அந்த வருடத்தின் சமத்துக் குழந்தைக்கான முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தம்ளர் கவினுக்கு வழங்கப்பட்டது. வழங்கியவர் சீனிவாசலு. பேரன் சார்பில் வாங்கிக்கொண்டவர் காளிச்சாமி. தம்ளரில் பெயர் வெட்டியிருந்தது.

பரிசளிப்பு முடிந்து ஆறாம் நாள் நஸ்ரியா வந்து இறங்கினாள்.

கோவை கணபதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில், வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கியிருந்தார்கள். பன்னிரண்டு குழந்தைகளுக்கு இடம். நஸ்ரியா அங்கே டீச்சர், இருபத்தைந்து வயது, வெயிலில் கறுத்த முகம், தோளில் ஒரு சிவப்புப் பை. குழந்தைகளைத் தேடி ஊர் ஊராக பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

“பதினோரு ஊர் பாத்துட்டேங்க்கா,” என்றாள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே. “எல்லா ரிஜிஸ்டர்லயும் சைபர். இந்தப் பக்கம் மட்டும் தேவலோகத்துல சேத்திப்போல.”

“எங்க ஊர்லயும் சைபர்தானுங்க,” என்றார் மயிலாத்தாள் பெருமையாக, கிண்டலைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு.

“சரிங்க்கா. சும்மா கொஞ்ச நேரம் பசங்களோட விளையாடிட்டுப் போறேன்.”

சிவப்புப் பையிலிருந்து மரக்கட்டைகள் வந்தன, ஒரு பந்து வந்தது, ஒரு கிலுகிலுப்பை, ஒரு கிண்ணம், ஒரு துணிப் பொம்மை. இவ்வளவுதான். சர்க்கார் இதற்கு ஒரு டெண்டர் விட்டிருந்தால் மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒவ்வொரு குழந்தையாக எதிரில் உட்கார வைத்தாள். கட்டையை அடுக்கச் சொன்னாள், பொம்மையின் மூக்கைத் தொடச் சொன்னாள், பந்தைக் கிண்ணத்துக்கடியில் ஒளித்து எடுக்கச் சொன்னாள். கனிஷ்கா எட்டுக் கட்டையை அடுக்கிவிட்டு, “உம் பைக்குள்ள இன்னும் என்ன இருக்குது?” என்று விசாரணையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

கவின் முறை வந்தது. நஸ்ரியா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். கட்டையைக் கையில் கொடுத்தாள், வாயில் வைத்தான். பந்தைக் கிண்ணத்துக்குள் மூடினாள். பந்து உலகத்தை விட்டே போய்விட்டது என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பொம்மையின் மூக்கைக் கனிஷ்கா தொட்டுக் காட்டினாள். “இவனுக்குத் தெரியாதுங்க மிஸ்ஸு. நான்தான் இவனுக்கு எல்லாம் பண்ணிக் குடுப்பேன்.”

மூன்று வயது அடங்காப்பிடாரிக்குத் தெரிந்திருந்தது.

நஸ்ரியா அரைமணி நேரம் அவனோடேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். “அக்கா, இவன் எந்த வயசுல நடந்தான்?”

“ரெண்டு வயசுலங்க. பெரிய ஊட்டுக் கொழந்தை. இடுப்ப உட்டு எறக்குனாத்தான நடக்கும்?”

“இவன் இப்பப் பண்றதெல்லாம் ஒம்பது, பத்து மாசக் குழந்தை பண்றதுங்க்கா.”

“சமத்துங்க அவன். போன வாரம்தான் முதல் பரிசு வாங்குனான்.”

“எதுக்கு?”

“சமத்துக்கு.”

நஸ்ரியா கட்டைகளைப் பைக்குள் போட்டாள். குரல் மாறியிருந்தது. “ஒரு வருசமா இங்க உக்காந்திருக்கான். ஒண்ணுமே கேக்கலை, ஒண்ணையுமே காட்டலை, ஒரு வார்த்தை பேசலை. நீங்க அதுக்கு கப்பு குடுத்திருக்கீங்க.”

“கப்பு இல்லீங்க, தம்ளரு,” என்று திருத்தினார் மயிலாத்தாள். காது நுனி சிவந்துவிட்டது. “நீங்க ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போனப்பவே நான் இந்த நாற்காலில உக்காந்தவளுங்க. கட்டையும் பந்தும் வெச்சு எங் கொழந்தைக்குக் குறை சொல்றீங்களே, இது நாயமுங்களா?”

“நாயம் அப்புறம் பேசலாங்க்கா. தேதி பேசணும்.” நஸ்ரியா ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். கணபதி வகுப்பில் மூன்றரை வயதுக்குள் சேர்த்தால்தான் உண்டு. அதற்கு மேற்பட்டவர்களுக்கு வேறொரு வகுப்பு திட்டத்தில் இருந்தது. திட்டம் காகிதத்தில் இருந்தது. காகிதம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கவினுக்குச் செப்டம்பர் பத்தொன்பதோடு மூன்றரை முடிகிறது. ஓர் இடம்தான் மிச்சம். படிவத்தில் பெற்றவர் ஒருவர் கையெழுத்தும் பால்வாடி டீச்சரின் கையெழுத்தும் வேண்டும். “இந்த வயசுல சேத்தா நிறையக் கத்துக்குவாங்க்கா. போகப் போகக் கஷ்டம். பன்னெண்டாம் தேதி வர்றேன்,” என்று சொல்லி அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

மயிலாத்தாள் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நேராகக் காளிச்சாமி வீட்டுக்குப் போனார். ஊருக்கு வந்த அவமானத்தை ஊர்ப் பெரியவரிடம் சொல்ல வேண்டாமா? முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தவர், படிவத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டி முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவே இல்லை.

“அந்தக் கணபதி டீச்சர் பாப்பாவுக்கு மரியாதையா நலம்னு எழுதிக் குடுத்தனுப்பிச்சுருங்க அம்மணி. தை மாசம் நம்ம சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம். தாராபுரத்துச் சம்பந்தம். இந்த ஊட்ல இப்படி ஒரு கொழந்தைன்னு எழுத்துல போச்சுன்னா, அவிங்க என்ன ரோசனை பண்ணுவாங்கன்னு உங்களுக்குச் சொல்லோணுமுங்களா?”

“நானும் அதத்தானுங்க மாமா சொல்றேன். கொழந்தைக்கு ஒண்ணுமே இல்லீங்க.”

“இருந்தாலும் இல்லாட்டியும்,” என்றார் காளிச்சாமி.

மயிலாத்தாளுக்குச் சுருக்கென்றது. இந்த மனுசருக்குத் தெரியும். எவ்வளவு நாளாகவோ தெரியும்.

“அப்படி ஏதாச்சும் இருந்துச்சுன்னா அது இந்த ஊட்டு ரத்தத்துல வந்ததில்லீங்க,” என்று அவர் மெல்லத் தொடர்ந்தார். “வெள்ளகோவில்ல இருந்து வந்ததா இருக்கும். இல்ல, பெத்தவ கவனமில்லாத வளத்திருப்பா. ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொன்னாளா பாருங்க? கலாமணியையும் கொழந்தையையும் கல்யாணம் முடியற வரைக்கும் அவ ஆத்தா ஊட்டுல உட்டுட்டு வந்தர்லாம்னு இருக்கறோமுங்க. அப்புறம் கூட்டியாரதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம். காப்பி குடிங்க.”

மயிலாத்தாள் குடித்தார். பழக்கம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது கலாமணி வந்தாள். இந்த முறை வாசற்படியில் நிற்கவில்லை. ஒரு கையில் கவின், மறு கையில் தம்ளர்.

“டீச்சரக்கா, நான் உங்ககிட்டச் சொன்னேனுங்களா இல்லீங்களா?”

“என்ன கலாமணி, கொழந்தைங்க முன்னாடி...”

“சொன்னேனுங்களா இல்லீங்களா! போன வருசம் ஆவணில, இதே படில நின்னுட்டு! கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கறான்னேன். பயமா இருக்குதுன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? எங் கண்ணுக்குத் தப்பாதுன்னீங்க. அந்தக் கண்ண இப்ப என்னங்க பண்றது? உப்புல போட்டு வெக்கறதுங்களா?”

பாட்டு நின்றுவிட்டது.

“ஒரு வருசமுங்க! எம்பையன்கிட்ட இருந்து ஒரு வருசத்தப் புடுங்கிப்போட்டீங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னீங்க, கம்முனு இருந்தேன். இப்ப எங்க மாமன் சொல்றாரு, நான் யார்கிட்டயுமே சொல்லலைன்னு. என்ன ஊட்ட உட்டு அனுப்பறாருங்க. நல்லவங்களா இருங்க எல்லாரும்! பரிசு குடுத்தீங்களே, தம்ளரு! எம்பையனுக்குத் தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாதுங்க. அவனுக்குத் தம்ளரு!”

வீசினாள். எடைபோடும் தராசுக்குப் பக்கத்தில் சுவரில் பட்டுக் கீழே விழுந்து, கணீரென்று சுழன்றது. இந்த நாட்டில் ஆத்திரம் தலைக்கேறிய பெண்ணின் வாயிலும் ‘ங்க’ ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அது மரியாதைபோலக் கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கலாமணியைப் பார்த்தார்கள், இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள், கனிஷ்கா மட்டும் “அக்கா ஏன் அழுகறாங்க?” என்றாள். கவின் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது சுழன்று சுழன்று நிற்கிற வரைக்கும் பார்த்தான். தன் அம்மாவின் முகத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதை மயிலாத்தாள் பார்த்தார்.

கலாமணி வந்த வேகத்திலேயே பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லாக் குழந்தைகளும் பாயில் தூங்கிப்போனபின், கவின் மட்டும் விழித்திருந்தான். மயிலாத்தாள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“கவின்.”

ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கவினு. சாமி. தங்கம். டேய் சமத்து.”

பதினொரு தடவை கூப்பிட்டார். ஒரு சத்துமாவு உருண்டையை அவன் கண்ணெதிரே வைத்துக் கிண்ணத்தால் மூடினார். அவன் கிண்ணத்தைத் தொடவில்லை. திறந்து காட்டி, மறுபடி மூடினார். தொடவில்லை. மூன்றாம் முறை மூடியபோது, சமையல் ஆயாவின் பேரன், ஒரு வயது இரண்டு மாதம், சமையல்கட்டிலிருந்து தவழ்ந்து வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டு உருண்டையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டான். கவின் அதற்காக அழவும் இல்லை.

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தது. முதலில் நஸ்ரியாமேல், சரியாகச் சொல்லிவிட்டாளே என்று. பிறகு சீனிவாசலுமேல், இத்தனை வருடம் கைதட்டியதற்கு. பிறகு காளிச்சாமிமேல், தெரிந்துகொண்டே தம்ளரைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டாரே, அந்த மனுசர். பாலகோபால்மேல், பெற்ற பிள்ளைக்காக வாயைத் திறக்காமல், சொசைட்டி மீட்டிங்கில் மட்டும் பேசுகிறவன். இப்படி ஒவ்வொருவராகத் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் திட்டுவதற்கு ஒரே ஒருத்திதான் மிச்சம். அவளைத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை. குழந்தையின் வாயோரம் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காளிச்சாமி வீட்டு ஆசாரத்தில் சபை கூடியது. பால்வாடியில் வைத்துக்கொண்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று காளிச்சாமியே அழைத்திருந்தார். சீனிவாசலு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். பாலகோபால் தூணருகே. கலாமணி உள்கதவை ஒட்டி, இடுப்பில் கவினோடு; அவள் காலடியில் துணிப்பை ஒன்று கட்டித் தயாராக இருந்தது, வெள்ளகோவில் பயணத்துக்கு. நஸ்ரியாவுக்கு உட்கார நாற்காலி, குடிக்க இளநீர், தட்டில் முறுக்கு, எல்லாம் வந்தது. படிவம் மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

“சீனிவாசலு சார் டீச்சர்கிட்ட வாங்கி எல்லாம் நெரப்பிட்டாருங்க பாப்பா,” என்றார் காளிச்சாமி. “டீச்சர் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

சீனிவாசலு படிவத்தை மயிலாத்தாளிடம் நீட்டினார். ‘குழந்தையின் வளர்ச்சி’ என்ற இடத்தில் ‘நலம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. “போடுங்கம்மா. ஜில்லாவுலயே குறையில்லாத மையம்னு உங்க பேரைத்தான் மேல அனுப்பியிருக்கேன். என் மானத்தக் காப்பாத்துங்க.”

நஸ்ரியா முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தாள். “உங்க மானத்துக்குத் தனி வகுப்பு இருக்கா சார்? இந்தப் பையனுக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கு.”

“நீங்க ஆத்திரப்படாதீங்க பாப்பா,” என்றார் காளிச்சாமி. “இளநி குடிங்க.”

மயிலாத்தாள் படிவத்தை வாங்கினார். பேனாவை எடுத்தார். ‘நலம்’ என்பதன்மேல் ஒரு கோடு போட்டார், கோணலாக விழுந்தது. அடுத்த வரியை விரலால் தடவிப் படித்தார். தாமதம் முதலில் யாரால், எப்போது கவனிக்கப்பட்டது? அந்த வரி காலியாக இருந்தது.

“கலாமணிதானுங்க கவனிச்சுது,” என்றார். கல்யாண மண்டபத்தில் கேட்ட குரல் இல்லை இது. பக்கத்தில் இருந்தவர்களுக்கே காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது. “போன வருசம் ஆவணியில எங்கிட்ட வந்து சொல்லுச்சு. நாந்தான் ஒண்ணுமில்லைன்னு திருப்பி அனுப்பிச்சேன். யார்கிட்டயும் சொல்லாதன்னும் நாந்தானுங்க சொன்னேன். அது மேல தப்பில்லீங்க மாமா. நான் பாக்கலை.”

சொன்னதை அப்படியே எழுதினார். பாலகோபால் தூணிலிருந்து முதுகை எடுத்தான், ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லோரும் திரும்பினார்கள், சொல்லவில்லை. சீனிவாசலு மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

மயிலாத்தாள் கையெழுத்துப் போட்டார். எழுந்து போய்ப் படிவத்தைக் கலாமணியிடம் நீட்டினார். கலாமணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. கவினை இடுப்பு மாற்றிக்கொண்டு, படிவத்தைக் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, நேராக நஸ்ரியாவின் கையில் கொடுத்தாள். பிறகு காலடியில் கட்டியிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு, “கணபதிக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுங்க?” என்று கேட்டாள்.

“பதினொண்ணே காலுக்கு ஒண்ணு இருக்கு. உக்கடத்துல மாறணும்,” என்றாள் நஸ்ரியா.

காளிச்சாமி அப்போதும் குரலை உயர்த்தவில்லை. “டீச்சர், பால்வாடிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கறேன். நாளைக்குச் சாவியக் குடுத்தனுப்பிச்சுருங்க. அடிச்சு முடிக்க நாளாகுமுங்க.”

“சரிங்க மாமா. கோயில் மண்டபத்துல உக்காந்துக்கறோம்.”

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது நஸ்ரியா படிவத்தைச் சிவப்புப் பைக்குள் பத்திரப்படுத்தினாள். நோட்டைத் திறந்து ஊர்ப் பெயரை எழுதினாள். கலாமணி முன்னால் பிள்ளையோடு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். நஸ்ரியா வழக்கமாக எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். வழக்கமாக எல்லா ஊரிலும் கிடைக்கிற பதிலை எழுதுவதற்குப் பேனாவும் தயாராக இருந்தது.

“உங்க ஊர்ல வேற குழந்தைங்க யாராச்சும் இப்படி இருக்காங்களாக்கா?”

மயிலாத்தாள் நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் இருந்த வீடுகளைப் பார்த்தார். எல்லா வாசலும் அவர் காப்பி குடித்த வாசல்கள்தான்.

“தெரியலைங்க,” என்றார்.